ஆண்ட்ரூ கெய்ஸ்: 612 ஆட்டங்களும் 26 ஆட்டங்களும்

ஆஸ்திரேலியாவின் தேசிய கூடைப்பந்து லீக்கான என்பிஎல்லில் ஆண்ட்ரூ கெய்ஸ் 612 ஆட்டங்கள் ஆடினார். எடுத்த பாயிண்ட் 18,908. ஆட்டத்துக்குச் சராசரி 30.9. ஐந்து ஒலிம்பிக்கில் ஆடி 789 பாயிண்ட் சேர்த்தார். ஆண்கள் ஒலிம்பிக் கூடைப்பந்தில் அவருக்கு மேலே இருப்பவர் பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் ஒருவர்தான். இதே ஆண்ட்ரூ அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆடியது மொத்தம் 26 ஆட்டங்கள்.

இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: வீட்டிலே புலி, வெளியிலே எலி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவருடைய ஷூட்டிங் உலகத் தரம் என்பதற்கு ஒலிம்பிக்கே சாட்சி. அப்படியிருந்தும் என்பிஏ ஏன் அவரைப் பயன்படுத்தவில்லை? இதற்கான விடை அவருடைய கையில் மட்டும் இல்லை. அந்தக் காலத்து விதிகள், மூன்று பாயிண்ட் கோட்டின் தூரம், இரண்டு நாடுகளின் ஆட்டக் காலம், பயிற்சியாளர்கள் ஆட்டத்தைப் பார்த்த விதம் என்று பல விஷயங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த மனிதரின் இடம் புரியும்.

ஆண்ட்ரூ பிறந்தது 1965 ஜூலை 24, மெல்போர்ன் நகரில். அப்பா லிண்ட்சே கெய்ஸ் ஆஸ்திரேலியாவுக்காக 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர். பிறகு 1972 முதல் 1984 வரை நான்கு ஒலிம்பிக்கில் தேசிய அணியின் பயிற்சியாளர். விக்டோரியா மாநிலத்தில் கூடைப்பந்தை நிர்வகித்தவரும் அவரே. குடும்பம் ஆல்பர்ட் பார்க் கூடைப்பந்து அரங்கத்திலேயே குடியிருந்தது. இன்று ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கிறதே, அதே ஆல்பர்ட் பார்க்தான். வீட்டுக் கதவைத் திறந்தால் கூடைப்பந்துத் தளம். பள்ளிச் சிறுவர்கள், பெண்கள் அணிகள், வேலை முடிந்து வருகிறவர்கள் என்று நாள் முழுக்க யாராவது ஆடிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டம் எப்போது முடிந்து தளம் காலியாகிறதோ, அப்போது பையன் பந்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். நல்ல ஷூட்டர் ஆவதற்கு உயரமோ தாவும் சக்தியோ அவ்வளவு முக்கியமில்லை. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்து பார்க்க இடமும் நேரமும் வேண்டும். அது அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது.

1984இல் மெல்போர்ன் டைகர்ஸ் அணி என்பிஎல்லில் சேர்ந்தது. பயிற்சியாளர் அப்பா லிண்ட்சே. அறிமுக ஆண்டிலேயே ஆண்ட்ரூ சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். அதே ஆண்டு, 19 வயது நிறைந்த சில நாட்களில், லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அப்பாவின் பயிற்சியில் ஆடினார். ஆஸ்திரேலியா ஏழாவது இடம் பிடித்தது.

அந்த 1984க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா மூன்று பாயிண்ட் கோட்டை விதிப்புத்தகத்தில் சேர்த்தது அந்த ஆண்டில்தான். வளையத்திலிருந்து 6.25 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு. அதற்கு வெளியே இருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று பாயிண்ட். அதுவரை தூரத்திலிருந்து போடுவது ஒரு சாகசம். இனி அது ஒரு கணக்கு. நூறு முறை போட்டு நாற்பது விழுந்தால் 120 பாயிண்ட். உள்ளே புகுந்து நூற்றில் ஐம்பது போட்டாலும் நூறுதான். இந்தக் கணக்கை உலகம் முழுமையாக உணர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. டைகர்ஸ் அணிக்கு ஆரம்பத்திலேயே அது புரிந்திருந்தது என்றுதான் அவர்கள் ஆடிய விதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

அவர்கள் ஆடியது ஷஃபிள் என்ற தாக்குதல் முறை. இது அமெரிக்கக் கல்லூரிகளில் பிறந்தது. பெரிய சென்டர், அதாவது வளையத்தின் அருகே ஆடும் உயரமான ஆள், இல்லாத அணிகளுக்காக உருவாக்கப்பட்டது. ஐந்து பேரும் எந்த இடத்திலும் நின்று ஆடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் பந்தைக் கைமாற்றுவார். இன்னொருவர் உள்ளே நிற்கும் சக வீரரின் தோளை உரசியபடி வளையத்தை நோக்கி வெட்டி ஓடுவார். அவர் பின்னால் துரத்தும் தடுப்பாளர் அந்தத் தோளில் மோதி ஒரு கணம் தாமதமாவார். பாஸ் கிடைத்தால் சுலபமான லே-அப், அதாவது வளையத்தின் அடியிலிருந்தே போடுகிற ஷாட். கிடைக்காவிட்டால், இப்போது தோள் கொடுத்தவருக்கு வேறொருவர் தோள் கொடுக்க, அவர் மேலே ஏறி வந்து பந்தை வாங்கி ஷாட் போடுவார். அதுவும் நடக்காவிட்டால் ஐந்து பேரும் இடம் மாறியிருப்பார்கள். அதே ஆட்டம் மறுபக்கத்தில் மறுபடி தொடங்கும். பின்னல் கோலாட்டத்தில் கயிறு அறுபடாமல் ஆட்கள் உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டம் சட்டென்று பிடிபடும்.

இதில் ஆண்ட்ரூ செய்தது என்ன? ஓடிக்கொண்டே இருந்தார். 6 அடி 7 அங்குல உயரம், முழங்கால்களில் பட்டை, முதுகில் 10ஆம் எண். வேகமாக ஓடுகிறவர் இல்லை, உயரத் தாவுகிறவரும் இல்லை. ஆனால் ஒரு ஸ்கிரீனிலிருந்து, அதாவது சக வீரர் தோள் கொடுத்து நிற்கும் இடத்திலிருந்து, அடுத்த ஸ்கிரீனுக்கு நிற்காமல் போய்க்கொண்டிருப்பார். தடுப்பாளர் அரை அடி பின்தங்கினால் போதும். பந்து கைக்கு வருவதற்குள் கால்கள் வளையத்தை நோக்கித் திரும்பி ஊன்றியிருக்கும். பந்தைக் கீழே இறக்காமல், வாங்கிய உயரத்திலிருந்தே கிளப்பிவிடுவார். தடுப்பாளர் அவசரமாகப் பாய்ந்து வந்தால் தலையை மட்டும் தூக்கிப் போடுவது போலப் பாவனை காட்டுவார். பாய்ந்தவர் மேலே வந்து விழ, ஃபவுல். தடுப்பார் யாரும் இல்லாமல் போடும் ஃப்ரீ த்ரோவுக்கான கோட்டில் போய் நின்று இரண்டு பாயிண்டை அமைதியாக எடுத்துக்கொள்வார். அவருடைய மொத்தக் கணக்கில் இந்த ஃப்ரீ த்ரோக்களுக்கு நல்ல பங்கு உண்டு. வெறும் தூர ஷூட்டர் என்று அவரை நினைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

1987 சீசனில் அவருடைய சராசரி 44.1. படித்ததும் கண்ணை விரிக்க வைக்கும் எண்தான். ஆனால் நேர்மையாக இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது என்பிஎல் ஆட்டம் 48 நிமிடம். சர்வதேச ஆட்டத்தைவிட எட்டு நிமிடம் அதிகம். அப்புறம், டைகர்ஸ் அந்த ஆண்டுகளில் தோற்றுக்கொண்டே இருந்த அணி. யாராவது ஒருவர் ஷாட் போட்டாக வேண்டும். அந்த ஒருவர் ஆண்ட்ரூ. நல்ல அணியில் இருந்திருந்தால் 44 வந்திருக்காது. அதற்காக அந்த 44 சும்மா வந்தது என்றும் ஆகாது. எதிரணியின் ஐந்து பேருக்கும் பந்து யாரிடம் போகும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அணி வலுவான பிறகு என்ன ஆனது என்பதைப் பார்த்தால் சந்தேகம் தீரும். 1992இல் லானார்ட் கோப்லண்ட் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு போய் ஷாட் உருவாக்கத் தெரிந்தவர். அடுத்த ஆண்டு சென்டராக மார்க் பிராட்கி வந்தார். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் கூடைப்பந்துக்கு ஒரு பெரிய அலை அடித்தது. டென்னிஸ் ஓபன் நடக்கும் மெல்போர்ன் அரங்கத்தில், இப்போது ராட் லேவர் அரீனா என்று அழைக்கப்படுகிற அதே இடத்தில், டைகர்ஸ் ஆட்டம் பார்க்க 15,000 பேர் வரை கூடினார்கள். 1992 இறுதித் தொடரில் ஊர்க்காரப் போட்டியாளர்களான சவுத் ஈஸ்ட் மெல்போர்ன் மேஜிக்கிடம் தோற்ற டைகர்ஸ், 1993இல் பெர்த் வைல்ட்கேட்ஸை வென்று முதல் முறையாகச் சாம்பியன் ஆனது. 1997இல் அதே மேஜிக்கை வென்று இரண்டாவது பட்டம். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை ஆண்ட்ரூ ஏழு முறை வாங்கினார். அதில் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து. அதிக பாயிண்ட் எடுத்தவர் பட்டம் 14 முறை. இப்போது அந்தச் சிறந்த வீரர் கோப்பைக்கே அவர் பெயர்தான்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா நான்காவது இடம் வந்தது. வெண்கல ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 78-49 என்று தோல்வி. அந்த ஒலிம்பிக் முடிந்த கையோடு ஆண்ட்ரூ நியூ ஜெர்சியில் இருக்கும் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வயது 23. பெரிய பெயரில்லாத அணி. பயிற்சியாளர் பி.ஜே. கார்லெசிமோ. அந்த சீசனில் அணி 31 ஆட்டம் வென்று 7 ஆட்டம் தோற்றது. யாரும் எதிர்பார்க்காத விதத்தில், சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கத்தில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியின் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

அரையிறுதியில் எதிரி டியூக். தொடக்கத்தில் 26-8 என்று சீட்டன் ஹால் பின்தங்கிக் கிடந்தது. அங்கிருந்து எழுந்து 95-78 என்று ஜெயித்தார்கள். ஆண்ட்ரூ 20 பாயிண்ட். 1989 ஏப்ரல் 3, இறுதி ஆட்டம், மிச்சிகனுடன். அங்கே அவரை இறுக்கிப் பிடித்துவிட்டார்கள். எடுத்தது 5 பாயிண்ட் மட்டும். அணியைத் தூக்கிச் சுமந்தவர் 35 பாயிண்ட் எடுத்த ஜான் மோர்டன். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஒரு பாயிண்ட் முன்னிலையில் சீட்டன் ஹால், மீதி மூன்று நொடி. அப்போது மிச்சிகனின் ரூமீல் ராபின்சன் உள்ளே புகுந்தார். நடுவர் ஃபவுல் கொடுத்தார். தொடாத ஃபவுல் என்று இன்றும் வாதம் நடக்கிறது. ராபின்சன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். 80-79. பட்டம் மிச்சிகனுக்கு.

ஆண்ட்ரூ உடனே ஊர் திரும்பினார். என்பிஎல் சீசன் காத்திருந்தது. படிக்க வராமல் ஆடுவதற்கு மட்டுமே வந்து போனவர் என்று அமெரிக்காவில் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கல்லூரி அணிகள் உலகம் முழுக்கத் தேடி ஆள் பிடிப்பது அதற்குப் பிறகு சாதாரணமாகிவிட்டது. முதலில் வந்தவர் அடி வாங்கினார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். அந்த இறுதி ஆட்டம் நடந்து நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஃபிபா கூடியது. என்பிஏ வீரர்கள் ஒலிம்பிக்கிலும் உலகக் கோப்பையிலும் ஆடலாம் என்று 56-13 வாக்கில் முடிவெடுத்தது. அதுவரை என்பிஏவில் கையெழுத்துப் போட்டவர் தன் நாட்டுக்கு ஆட முடியாது. ஆஸ்கர் ஷ்மிட்டை நியூ ஜெர்சி நெட்ஸ் அணி 1984இல் தேர்ந்தெடுத்தும் அவர் போகாததற்கு இதுதான் காரணம். பிரேசில் சட்டையை விட அவருக்கு மனமில்லை. ஒலிம்பிக்கில் அதிக பாயிண்ட் எடுத்த முதல் இரண்டு பேரும் என்பிஏவில் பெயர் இல்லாதவர்கள் என்பது தற்செயல் இல்லை. ஒரு ஷூட்டர் தன் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானிக்கிற இருபதுகளின் தொடக்கத்தில், அந்தக் கதவு அமெரிக்கர் அல்லாதவர்களுக்குப் பாதிதான் திறந்திருந்தது.

மியூனிக் முடிவுக்குப் பிறகும் நடைமுறைச் சிக்கல் தீரவில்லை. என்பிஎல் அப்போது ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில் நடந்தது. ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடியும். என்பிஏ பயிற்சி முகாம் அக்டோபரில் ஆரம்பம். டைகர்ஸ் இறுதித் தொடர் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அமெரிக்க அணிகள் தங்கள் பட்டியலை முடித்துக்கொண்டிருக்கும். இடையில் கிடைக்கும் மாதங்களில் ஆண்ட்ரூ வெளிநாடு போய் ஆடினார். இத்தாலியில் உடினே, கிரேக்கத்தில் அப்பொல்லோன் பாட்ராஸ். ஒரு ஆண்டில் இரண்டு சீசன், பல ஆண்டு நாட்டு அணியும் சேர்ந்து. இன்றைய வீரர்களின் உடல் பராமரிப்பு நிபுணர்கள் கேட்டால் தலையில் கை வைப்பார்கள்.

என்பிஏ வாய்ப்பும் அப்படி ஒரு இடைவெளியில்தான் வந்தது. 1994 மார்ச்சில் வாஷிங்டன் புல்லட்ஸ் குறுகிய கால ஒப்பந்தம் கொடுத்தது. அந்த சீசனில் 58 ஆட்டம் தோற்ற அணி. ஏழு ஆட்டத்தில் இறக்கினார்கள்; சராசரி 3.1 பாயிண்ட். வயது 28. அப்புறம் ஐந்து ஆண்டு எதுவும் இல்லை. 1999இல், ஊதியத் தகராறால் என்பிஏ சீசன் 50 ஆட்டமாகச் சுருங்கியிருந்த ஆண்டில், சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அழைத்தது. வயது 33. 19 ஆட்டம், சராசரி 1.1. பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுகளில் இறங்கவில்லை. ஜூனில் ஸ்பர்ஸ் நியூயார்க் நிக்ஸை 4-1 என்று வென்று முதல் பட்டத்தை எடுத்தது. ஆண்ட்ரூவுக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்தது.

இந்த 26 ஆட்டத்தை எப்படிப் படிப்பது? முதலில் கோடு. கல்லூரியில் அவர் போட்டது 6.02 மீட்டரிலிருந்து. ஃபிபா ஆட்டத்தில் 6.25. என்பிஏவின் வளைகோடு உச்சியில் 7.24 மீட்டர். ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி. பல ஆண்டுகளாகக் காலும் தோளும் மனப்பாடம் செய்த தூரம் ஒன்று. திடீரென்று ஏழு ஆட்டத்துக்கு வேறொன்று. பழகினால் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் பழக நேரம் வேண்டும். குறுகிய கால ஒப்பந்தத்தில் வந்தவருக்கு அந்த நேரத்தை யார் கொடுப்பார்கள்?

அடுத்தது, என்பிஏ அந்தக் கோட்டை எவ்வளவு மதித்தது என்பது. 1993-94இல் ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாகப் போட்டது சுமார் 10 த்ரீ பாயிண்ட் முயற்சிகள். 1998-99இல் சுமார் 13. இப்போது 35க்கு மேல். அன்று த்ரீ பாயிண்டர் என்பது உள்ளே எதுவும் கிடைக்காதபோது போடுவது. அதற்காகவே ஓர் ஆளை அணியில் வைப்பது பெரிய செலவாகப் பட்டது. 1999 ஸ்பர்ஸ் அணியில் அப்படி ஒரு இடம் இருந்தது. அதில் ஸ்டீவ் கெர் உட்கார்ந்திருந்தார். என்பிஏ வரலாற்றிலேயே மிகத் துல்லியமான தூர ஷூட்டர்களில் ஒருவர். அவருக்கே அந்த ஆண்டு அதிக நேரம் கிடைக்கவில்லை. டிம் டங்கன், டேவிட் ராபின்சன் என்ற இரண்டு கோபுரங்களை வைத்துக்கொண்டு உள்ளே ஆடிய அணி அது. பின்னாளில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் பயிற்சியாளராகி மூன்று பாயிண்ட் மழையால் ஆட்டத்தின் முகத்தையே மாற்றியவர் இதே கெர்தான். அன்று ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

மூன்றாவது காரணம்தான் ஆண்ட்ரூவுக்கு உண்மையிலேயே பாதகமானது: தடுப்பாட்டம். 2001 வரை என்பிஏவில் பகுதி பகுதியாகப் பிரித்துத் தடுக்கும் சோன் முறைக்குத் தடை இருந்தது. ஒவ்வொருவரும் தன் ஆளைத் தானே பிடிக்க வேண்டும். தாக்கும் அணி மற்ற நால்வரையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, எதிரணியில் கால் மெதுவான ஆள் யார் என்று பார்த்து, அவர் மீது தங்கள் சிறந்த வீரரை ஏவிவிடும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சோன் போட்டு ஒரு மெதுவான ஷூட்டரை மறைத்து வைக்கலாம். என்பிஏவில் முடியாது. ஆண்ட்ரூவின் கால்கள் மெதுவானவைதான். அதை அவருடைய ரசிகர்களும் மறுப்பதில்லை. ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் இறங்கும் ஒருவர் இரண்டு கூடை போட்டு எதிரணிக்கு மூன்று கூடை விட்டால் பயிற்சியாளர் வெளியே கூப்பிட்டுவிடுவார்.

இதோடு ஷஃபிளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டைகர்ஸில் நான்கு பேரின் ஓட்டமும் அவருக்கு அரை அடி இடம் உண்டாக்குவதற்காக இருந்தது. அமெரிக்காவில் அவர் மூலையில் நின்று பந்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஓடி ஓடி ஆளைக் களைப்பாக்கி ஷாட் எடுக்கிற ஒருவரை நிற்க வைத்தால் அவரிடம் இருந்த பாதி ஆயுதம் போய்விடுகிறது.

ஆண்ட்ரூ முப்பது ஆண்டு கழித்துப் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரசிகர்கள் பேசிக்கொள்வது வழக்கம். வெறும் கற்பனையாக விட்டுவிடத் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார். அடிலெய்டில் பிறந்த ஜோ இங்கிள்ஸ். ஏறக்குறைய அதே உயரம். அவரும் வேகமில்லாதவர், தாவாதவர், இடது கையால் போடுகிற தூர ஷூட்டர். என்பிஎல்லில் சவுத் டிராகன்ஸ், பிறகு ஸ்பெயினில் கிரனாடா, பார்சிலோனா, இஸ்ரேலில் மக்காபி டெல் அவிவ். 2014இல் மக்காபியுடன் ஐரோப்பிய சாம்பியன். அந்த அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் முகாமுக்குப் போனார். சீசன் தொடங்கும் முன் விடுவித்துவிட்டார்கள். 27 வயது. இதோடு சரி என்று பெட்டியைக் கட்டியிருக்க வேண்டியவரை யூட்டா ஜாஸ் எடுத்துக்கொண்டது.

பயிற்சியாளர் க்வின் ஸ்னைடர் அவரை மூலையில் மட்டும் நிற்க வைக்காமல் பந்தைக் கையில் கொடுத்து ஆட வைத்தார். சோன் தடை நீங்கியிருந்தது. த்ரீ பாயிண்டரின் கணக்கு எல்லோருக்கும் பிடிபட்டிருந்தது. யூட்டா அணிக்காக அதிக மூன்று பாயிண்ட் போட்டவர்கள் பட்டியலில் ஜான் ஸ்டாக்டனையே அவர் தாண்டினார். என்பிஏ வாழ்க்கை முழுக்கத் தூர ஷாட்டில் நூற்றுக்கு 41 என்ற அளவில் நின்றார். 2022இல் முழங்கால் தசைநார் கிழிந்த பிறகும் மில்வாக்கி, ஆர்லாண்டோ, மினசோட்டா என்று அணிகள் அவரைத் தேடி எடுத்தன. புல்லட்ஸ் கூப்பிட்டபோது ஆண்ட்ரூவுக்கு 28 வயது. இங்கிள்ஸுக்கு என்பிஏ தொடங்கியபோது 27. ஒருவருக்கு ஏழு ஆட்டம் கிடைத்தது, மற்றவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல் கிடைத்தது. ஷூட்டராக மட்டும் பார்த்தால் ஆண்ட்ரூதான் மேலே என்பது என் கணிப்பு. பாஸ் கொடுப்பதிலும் தடுப்பதிலும் இங்கிள்ஸ் மேலே. இன்றைய என்பிஏவில் ஆண்ட்ரூ நட்சத்திரமாகியிருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஒரு நல்ல அணியில் பத்து ஆண்டு நிலைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இடையில் இன்னொரு ஆஸ்திரேலிய ஷூட்டரையும் குறிப்பிட வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் சால்ட் லேக் சிட்டியில் அமெரிக்க அணியுடன் ஒரு பயிற்சி ஆட்டம். சிறிய உருவம் கொண்ட ஷேன் ஹீல் எட்டு த்ரீ பாயிண்டர் போட்டு 28 எடுத்தார். நடுவில் சார்ல்ஸ் பார்க்லியுடன் முட்டலும் மோதலும். அந்த ஒரு ஆட்டத்தின் பலனாக மினசோட்டா அணி அவரை எடுத்தது. ஒரு ஷூட்டர் அமெரிக்கர்களின் கண்ணில் படுவதற்கு அவர்கள் மேலேயே போட வேண்டியிருந்த காலம் அது.

ஆண்ட்ரூவின் உண்மையான மேடை ஒலிம்பிக். 1984, 1988, 1992, 1996, 2000. இதில் மூன்று முறை ஆஸ்திரேலியா நான்காவது இடம். அட்லாண்டாவில் காலிறுதியில் குரோஷியாவை 73-71 என்று கடைசி நொடிகளில் வென்றது. வெண்கல ஆட்டத்தில் லிதுவேனியாவிடம் 80-74 என்று விட்டது. 2000இல் சொந்த மண்ணில் சிட்னி. தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்திவந்தவர் 35 வயது ஆண்ட்ரூ. அரையிறுதியில் பிரான்ஸிடம் 76-52 தோல்வி, வெண்கல ஆட்டத்தில் மறுபடி லிதுவேனியாவிடம் 89-71. பதக்கம் இல்லாமல் ஒலிம்பிக் வாழ்க்கை முடிந்தது.

அந்தப் பதக்கம் நாட்டுக்கே எட்டாக்கனியாகத் தொடர்ந்தது. 2016 ரியோவில் ஸ்பெயினிடம் 89-88, ஒரே ஒரு பாயிண்ட். அங்கே ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஃபவுல் விதிக்கப்பட்டவர் பேட்டி மில்ஸ். ஐந்து ஆண்டு கழித்து டோக்கியோவில் நாட்டுக் கொடியை ஏந்தினார் அதே மில்ஸ், நீச்சல் வீராங்கனை கேட் கேம்பெலுடன் சேர்ந்து. ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றது அதுவே முதல் முறை. 2021 ஆகஸ்ட் 7, லூக்கா டான்சிச்சின் ஸ்லோவேனியாவுக்கு எதிராக மில்ஸ் எடுத்தது 42 பாயிண்ட். 107-93. ஆண்கள் கூடைப்பந்தில் ஆஸ்திரேலியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். சேனல் செவன் தொலைக்காட்சிக்காகப் பேசிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ நேரலையிலேயே அழுதுவிட்டார். முப்பத்தேழு ஆண்டுக்கு முன் அப்பாவின் அணியில் முதல் ஒலிம்பிக் ஆடியவர். அந்த அழுகைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

லிண்ட்சே 2015இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் கூடைப்பந்து புகழ்க் கூடத்தில் இடம்பெற்றார். ஆண்ட்ரூ 2013இல் ஃபிபாவின் புகழ்க் கூடத்தில். 2005இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், 2016 முதல் 2019 வரை சிட்னி கிங்ஸ் அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். அது அவருக்குப் பெரிய வெற்றியைத் தரவில்லை. டைகர்ஸ் என்ற பெயரும் 2014இல் என்பிஎல்லிலிருந்து மறைந்து, அந்த அணி மெல்போர்ன் யுனைடெட் ஆனது.

இப்போது திசை மாறியிருக்கிறது. என்பிஎல் 1998-99இலேயே கோடைக்கு மாறிவிட்டது; சீசன் முடிந்து சில மாதங்களில் என்பிஏவின் புதுமுகத் தேர்வு வரும். என்பிஎல் இதைப் பயன்படுத்தி நெக்ஸ்ட் ஸ்டார்ஸ் என்ற திட்டத்தை 2018இல் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிக்குப் போகாமல் பதின்ம வயது வீரர்கள் இங்கே சம்பளத்துக்கு ஆடிவிட்டு நேராக என்பிஏ போகலாம். லாமெலோ பால் அப்படி இல்லவாரா என்ற என்பிஎல் அணியில் ஆடிவிட்டுப் போனவர். அடுத்து அடிலெய்டில் ஆடிய ஜோஷ் கிடியை ஓக்லஹோமா சிட்டி 2021இல் ஆறாவது ஆளாக எடுத்தது. ஜோஷின் அப்பா வாரிக் கிடி; மெல்போர்ன் டைகர்ஸில் ஆண்ட்ரூவோடு சேர்ந்து ஷஃபிள் ஆடியவர்.